காற்று வழி காட்டும், கதை காலைக் கட்டும்: கோஸ்ட் ஆஃப் சுஷிமா

திரையின் மூலையில் வட்டமாக ஒரு குட்டி மேப் இருக்குமே, அது இந்த கேமில் கிடையாது. ஊர் சுற்றும்போது தலைக்கு மேலே மிதக்கும் அம்புக்குறி கிடையாது, சாலையில் போட்டுக்காட்டும் கோடும் கிடையாது. போக வேண்டிய இடத்தைப் பெரிய மேப்பில் குறித்துவிட்டு வெளியே வந்து, கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேலே இழுத்தால் காற்று அடிக்கிறது. நாணல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் குதிரையைத் திருப்பினால் போதும், போய்ச் சேர்ந்துவிடலாம். 2020 ஜூலையில் பிஎஸ்4-க்கு (பிளேஸ்டேஷன் 4) வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வைப் பற்றி இவ்வளவு தாமதமாக எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் இந்தக் காற்றுதான். இரண்டாவது காரணம் ஒரு வயிற்றெரிச்சல். இத்தனை அழகாக வழிவிடத் தெரிந்தவர்கள், கதை என்று வந்ததும் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்களே என்று.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிண்டியில் ஒரு அலுவலகத்தில் டிராஃப்டிங் வேலை. சர்வேயர் அளந்து கொண்டுவரும் புள்ளிகளை ஆட்டோகேடில் ஏற்றி மனை எல்லை, சாலை, கிணறு, மின்கம்பம், சாக்கடை என்று வரைந்து கொடுக்க வேண்டும். பகலெல்லாம் வரைபடத்தோடு மாரடித்துவிட்டு ராத்திரியும் மேப்பையா பார்க்கப் போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பிஎஸ்4 கொழுந்தன் கொடுத்தது. அவர் பிஎஸ்5 வாங்கியதும், "அண்ணி, இது சும்மாதான் கிடக்கு, பையனுக்கு வச்சுக்கோங்க" என்று அமைந்தகரையில் இருக்கும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பையனுக்கு வந்தது, பையன் தூங்கினதும் என்னுடையது ஆகிவிடும்.

டிஸ்க் வாங்கியது ரிச்சி தெருவில், செகண்ட் ஹேண்ட். உறையில் 'டைரக்டர்ஸ் கட்' என்று போட்டிருந்தது, வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே சாதா பதிப்பு. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்று பதில். ஒன்று இல்லை. 2021-இல் வந்த டைரக்டர்ஸ் கட்டில் இகி என்று இன்னொரு தீவே இருக்கிறது. ஆகவே அந்தத் தீவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் இருக்காது.

கதை 1274-இல் நடக்கிறது. குப்லாய் கானின் படை கொரியாவிலிருந்து கப்பலேறி ஜப்பானைப் பிடிக்கப் புறப்பட்டது. வழியில் இருந்த சுஷிமா தீவில் கொமோதா கடற்கரையில் இறங்கியது. கொஞ்சம் பேராக இருந்த சாமுராய்கள் எதிர்த்து நின்று அழிந்தார்கள். இதுவரை வரலாறு. அந்தச் சண்டையில் பிழைத்துக்கொண்ட ஜின் சகாய், அவனைத் தூக்கி வளர்த்த தாய்மாமன் ஷிமுரா பிரபு, எதிர்ப்படைத் தலைவன் கோதுன் கான் ஆகியோர் கற்பனை. மாமன் கானிடம் சிறைப்பட்டுக் கிடக்கிறார். மீட்க வேண்டும். எதிரே இருப்பது பெரும்படை, மாமன் சொல்லிக்கொடுத்த மாதிரி பேர் சொல்லி, நேருக்கு நேர் நின்று சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது. இருட்டில் பதுங்கி முதுகில் குத்தினால் முடியும். ஆனால் மாமன் முகத்தில் எப்படி விழிப்பது? இதுதான் மொத்தக் கதையும். எளிமையானது, நம் வீடுகளில் எடுபடக்கூடியதும்கூட.

நிஜ சுஷிமா சுமார் 700 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. கேமில் அந்தத் தீவை நன்றாகவே சுருக்கிவிட்டார்கள், தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குக் குதிரையில் ஒரே மூச்சில் போய்விடலாம். எங்கள் அலுவலகத்தில் ஸ்கேல் குறிக்காமல் இப்படி ஒரு டிராயிங் போட்டால் மூஞ்சியிலேயே வீசியடிப்பார்கள். இங்கே அந்தச் சுருக்கம் ஒரு நல்ல காரியம். எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்கிற ஓபன் வேர்ல்டு கேம் விற்கிறவர்கள் 'போன தடவையைவிட இத்தனை மடங்கு பெரிய உலகம்' என்று விளம்பரம் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போய்விட்டது. பெருசாக்கினால் நடுவில் இட்டு நிரப்ப ஏதாவது வேண்டுமே. அங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது.

2007-இல் முதல் 'அசாசின்ஸ் க்ரீட்' வந்தபோது, கோபுர உச்சியில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் மேப்பில் திறந்துகொள்ளும். அப்போது அது புதுசு, நன்றாகவும் இருந்தது. 2012-இல் 'ஃபார் க்ரை 3' அதையே ரேடியோ டவராக்கியது. அப்புறம் ஆளாளுக்கு டவர். ஏறினால் மேப் முழுக்கப் பொரி தூவினது போலப் படங்கள்: பெட்டி, இறகு, முகாம், வேட்டை, பந்தயம். ஆட்டோகேடில் ஒரு டிராயிங்கின் எல்லா லேயரையும் ஆன் செய்து பிரின்ட் எடுத்தால் எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணீர்க் குழாய்மேல் மின்கம்பி, அதன்மேல் அளவுக் கோடு, அதன்மேல் எழுத்து. மனை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கேம்காரர்கள் அந்த பிரின்டைக் கையில் கொடுத்து, "பாருங்கள், எவ்வளவு இருக்கிறது!" என்கிறார்கள். நாமும் ஊரைப் பார்க்காமல் மூலையில் இருக்கும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிறோம்.

அந்த லேயர்களை முதலில் தைரியமாக ஆஃப் செய்தது நின்டென்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017). அதிலும் டவர் உண்டு, ஏறினால் மேப்பில் நிலத்தின் வடிவம் மட்டும் வரும். எது சுவாரசியமாகத் தெரிகிறதோ அதை உச்சியில் நின்று கண்ணால் பார்த்து நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும். மலைகளையும் மேடுகளையும் வேண்டுமென்றே முக்கோண வடிவில் வைத்தோம், பின்னால் இருப்பதை மறைக்கவும் ஏறுவதா சுற்றுவதா என்று யோசிக்க வைக்கவும் அது உதவியது என்று அதைச் செய்தவர்களே ஒரு மாநாட்டில் விளக்கியிருக்கிறார்கள். அவ்வளவு கணக்குப் போட்டவர்கள் தேடிப் பொறுக்கச் சொல்லி 900 கொரோக் விதைகளை ஒளித்துவைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' இன்னும் ஒரு படி மேலே போய், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலைக்கூடக் கொடுக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அதிகம். வேலைக்குப் போய்வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவர்களுக்கு, போன வாரம் யார் என்ன சொன்னார் என்று நினைவிருக்காது.

சுஷிமா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கறுப்புப் புகை எழுந்தால் அங்கே மங்கோலியர் முகாம். வெள்ளை ஆவி எழுந்தால் வெந்நீர் ஊற்று. மலை முகட்டில் சிவப்புத் தோரண வாயில் தெரிந்தால் ஒரு கோயில், ஏறுவதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு மஞ்சள் குருவி வந்து முன்னால் பறந்தால், பின்னாலேயே போனால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எல்லாமே ஊருக்குள்ளேயே இருக்கிற அடையாளங்கள். குதிரைமேல் உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும், மேப்பைத் திறக்க வேண்டிய அவசியம் குறைவு. வெள்ளை நாணல் காட்டில் குதிரை பாயும்போது ஜின் கையைத் தாழ்த்தி நாணல் நுனிகளைத் தடவிக்கொண்டே போவான். அதற்கு மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. ஆனாலும் வேகத்தைக் குறைக்காமல் வேண்டுமென்றே சுற்றுவழியில் போயிருக்கிறேன்.

நரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த கேமைப் பற்றி யாராலும் எழுத முடியாது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, பையன் பக்கத்தில் இருந்தான். மரத்தடிப் பொந்திலிருந்து ஒரு நரி வெளியே வந்து எங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு ஓடியது. பின்னால் போனோம். பாறை இடுக்கில் நுழைந்தது. நான் தவறி வேறு பக்கம் இறங்க, அது நின்றுவிட்டது. "அம்மா, அது நமக்காக நிக்குது பாரு. திரும்பிப் பாக்குது." உண்மைதான். தலையைச் சாய்த்து, எங்கே காணோம் என்பது மாதிரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் மறுபடி ஓட்டம். கடைசியில் இனாரி என்ற தெய்வத்தின் சின்னக் கோயில் முன்னால் போய் உட்கார்ந்தது. ஜின் கும்பிட்டான். அப்புறம் திரையில் 'தடவிக்கொடு' என்று ஒரு வாய்ப்பு வந்தது. பையன் என் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான்.

இந்த மாதிரி நரிகள் மொத்தம் 49. இங்கேதான் அந்தப் பழைய வியாதி எட்டிப்பார்க்கிறது. இத்தனை இனாரி கோயிலில் கும்பிட்டால் தாயத்து மாட்ட இன்னொரு இடம் கிடைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் சில நரிகளோடு ரசித்து ஓடினவர்கள், கொஞ்சம் போனதும் "சீக்கிரம் போயேன்" என்று நரியையே விரட்ட ஆரம்பிப்போம். அதே பாதை, அதே திரும்பிப் பார்த்தல், அதே கும்பிடு. பத்துப் பதினைந்தோடு நிறுத்தியிருந்தால் ஒவ்வொன்றையும் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்போம். மூங்கிலை வெட்டும் விளையாட்டும் வெந்நீர் ஊற்றும் இதே கதிதான். இது போதாதென்று பயணி உடை என்று ஒன்று தருகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் காற்று பொறுக்க வேண்டிய சாமான் இருக்கும் பக்கமெல்லாம் அடிக்கும், கிட்டே போனால் கன்ட்ரோலர் அதிரும். கண்ணை நம்பு என்று சொன்ன அதே ஆட்கள், கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஒரு உடுப்பையும் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சண்டைக்கு வருவோம், ஏனென்றால் அதில்தான் பாராட்ட நிறைய இருக்கிறது. எதிரிக் கூட்டத்தின் முன் போய் நின்று சவால் விடலாம். கேமரா தாழ்ந்து ஜினின் பக்கவாட்டில் வந்து நிற்கும். சத்தமெல்லாம் அடங்கிவிடும். முக்கோண பட்டனை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எதிரே ஒருவன் நடந்து வருவான், கத்தியை ஓங்குகிற அந்த நொடியில் பட்டனை விட வேண்டும். ஒரே வெட்டு. முன்னாடியே விட்டால் நம் கதி அதோகதி. போகப் போக அவர்கள் பொய்யாக ஓங்கிக்காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். விரல் அந்தப் பட்டன்மேல் வியர்த்துப்போய் இருக்கும். இத்தனை எளிமையான ஒரு விஷயம், ஒரு பட்டனைப் பிடித்து விடுவது, கடைசி வரை எனக்கு அலுக்கவே இல்லை.

அதற்கப்புறம் நடக்கும் சண்டையும் வெறும் பட்டன் குத்தல் கிடையாது. கல், நீர், காற்று, நிலா என்று வாள் பிடிக்கும் நிலைகள் நான்கு. வாள்காரனுக்குக் கல், கேடயக்காரனுக்கு நீர், ஈட்டிக்காரனுக்குக் காற்று, தடியனுக்கு நிலா. நான்கு பேரும் ஒன்றாக வந்தால் கை தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். கஷ்டத்தின் அளவுகளில் 'லீத்தல்' என்று ஒன்று பிறகு சேர்த்தார்கள். அதில் எதிரி நம்மை இரண்டு வெட்டில் முடித்துவிடுவான், நாமும் அவனை அப்படியே. பயப்படாமல் அதைப் போட்டு விளையாடுங்கள். வாள் என்றால் வாள் மாதிரி இருக்கும், சண்டைகளும் சட்டென்று முடியும். கேமராதான் கழுத்தறுக்கிறது. வீட்டுக்குள்ளேயோ மரங்களுக்கு நடுவிலோ சண்டை வந்தால் ஒரு கிளையோ தூணோ முழுத்திரையையும் மறைத்துவிடும். ஒரே ஆள்மேல் பார்வையை நிறுத்தும் வசதி வெளியானபோது இல்லை, பின்னால் வந்த அப்டேட்டில் சேர்த்தார்கள். இருந்தாலும் தூண் தூண்தான்.

இனி வயிற்றெரிச்சல். வழியோரத்தில் ஒருத்தர் அழுதுகொண்டு நிற்பார். மங்கோலியர்கள் என் அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பார். போனால் ஒரு காலியான பண்ணை. தரையில் காலடித் தடம். தடத்தைத் தொடர்ந்து மெதுவாக நடக்க வேண்டும். இன்னொரு தடம். ஒரு உடைந்த வண்டி. "இங்கே சண்டை நடந்திருக்கிறது" என்று ஜின் சொல்வான், நமக்குக் கண் தெரியாத மாதிரி. முடிவில் ஐந்தாறு மங்கோலியர்கள். வெட்டு. அண்ணன் செத்துக் கிடப்பார், இல்லை துரோகியாக இருப்பார். அழுதவர் தலையைக் குனிவார். இரண்டு பேரும் மரம் மாதிரி எதிரெதிரே நின்று பேசுவார்கள், கேமரா அசையாது. இந்த மிஷனை ஆளையும் ஊரையும் மாற்றித் தீவு முழுக்க வைத்திருக்கிறார்கள். 2015-இல் வந்த 'விட்சர் 3'-இல் 'பிளடி பாரன்' என்ற பிரபுவின் கதையைச் செய்தவர்களுக்குத் தெரியும், இப்படித் தேடிப்போகிற கதை என்றால் எவ்வளவு ஆழம் போகலாம் என்று. அதிலும் காலடித் தடம் உண்டு, முகர்ந்து பார்த்துப் போவதுகூட உண்டு. ஆனால் தடத்தின் முடிவில் ஒரு குடும்பத்தின் அழுகிப்போன ரகசியம் இருக்கும். இங்கே அடுத்த தடம்தான் இருக்கும்.

முக்கிய மிஷன்கள் பார்வைக்குப் பிரமாதம், கட்டுப்பாடு அதைவிடப் பிரமாதம். இன்னார் பின்னால் நட. இந்தப் புதரில் ஒளி. பேசுவதை ஒட்டுக்கேள். கண்ணில் பட்டால் முதலிலிருந்து. ஊர் சுற்றும்போது கூரை மேலே ஏறு, ஆற்றில் குதி, எப்படி வேண்டுமானாலும் முகாமுக்குள் நுழை என்று விட்டவர்கள், இங்கே ஒரு படி தள்ளிக் கால் வைத்தாலும் 'திரும்பி வா' என்கிறார்கள். இந்த வியாதிக்கு சுஷிமா மட்டும் பொறுப்பில்லை. 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-வில் மானின் தோலை உரிப்பதுகூட முழுசாக, அவசரமில்லாமல் நடக்கும், அவ்வளவு நிஜமான உலகம். அதிலும் மிஷன் தொடங்கிவிட்டால் கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போனாலே தோல்வி என்று எழுத்து வந்துவிடும். 2022-இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னரோக்'கில் ஒரு புதிரைப் பார்த்து யோசிப்பதற்குள் கூட வருகிறவர்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து என் பையனே அதற்கு மேல் பொறுமையாக இருப்பான்.

ஏன் இப்படி என்று யோசித்தால், கதை எழுதுகிற கூட்டமும் ஊரைக் கட்டுகிற கூட்டமும் வேறு வேறு என்று தோன்றுகிறது. ஊர் கட்டுகிறவர்கள் ஆட்டக்காரர் எங்கே வேண்டுமானாலும் போவார் என்று நினைத்து வேலை செய்கிறார்கள். கதைக்காரர்களுக்கோ முகபாவமும் வசனமும் சரியான நொடியில் விழ வேண்டும், அதற்கு நாம் சரியான இடத்தில் நிற்க வேண்டும். சரி, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் அதனால் வரும் முரண்பாடு சுஷிமாவில் ரொம்பவே உறுத்துகிறது. நான் விளையாடினபோது முடிந்த இடத்திலெல்லாம் சவால் விட்டு, முன்னால் நின்றே வெட்டினேன். பதுங்கிக் குத்துவது மிஷன் கட்டாயப்படுத்தின இடங்களில் மட்டும். கதையோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மாமன் என்னைப் பார்த்து, மானத்தை விற்றுவிட்டாய் என்கிறார். நான் எங்கே விற்றேன்? மிஷன்தானே விற்க வைத்தது! பதுங்கிக் கொல்லும் பேயாகப் போவதா, நேருக்கு நேர் மோதும் சாமுராயாக நிற்பதா என்ற கேள்விதான் இந்தக் கதையின் உயிர். அதை என் கையில் கொடுத்திருந்தால் வேறு எங்கேயோ போயிருக்கும். கடைசிக் காட்சியில் மட்டும் ஒரே ஒரு முடிவை நம்மிடம் விடுகிறார்கள். அது என்ன என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் உண்மை.

இத்தனை குறைக்கும் நடுவில் மசாகோ இருக்கிறாள். அதாச்சி மசாகோ, வயதான சாமுராய்ப் பெண். கணவனும் மகன்களும் கொமோதாவில் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த மருமகள்களையும் பேரப்பிள்ளைகளையும் உள்ளூர்க்காரர்களே கூடிச் சதி செய்து கொன்றுவிட்டார்கள். யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு தேடுகிறாள். துக்கத்தில் இருக்கிற கிழவி என்றால் நல்லவளாக, பொறுமையாக இருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. கோபக்காரி. விசாரிக்காமலே கத்தியை உருவுவாள், ஜின்மேலேயே பாய்வாள். குதிரையில் பக்கத்தில் வரும்போது சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள், அந்த மௌனத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டுப் பெரிய மனுஷிகள் சாவு விழுந்த வீட்டில் அழாமல் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு மசாகோவைப் புரியும். இவளுடைய மிஷன்களிலும் காலடித் தடம் உண்டு. ஆனால் அடுத்தது யாரை வெட்டப்போகிறாள், அவளைத் தடுக்க வேண்டுமா விட வேண்டுமா என்ற பதைப்பு இருப்பதால் அது தெரியாது. எழுத்து சரியாக இருந்தால் அதே சட்டி அதே அகப்பையிலேயே நல்ல குழம்பு வைக்க முடியும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஏன் வைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

ஓவியத்தில் மை ஊற்றிப் பரவுவது போல வரும் பழங்கதை மிஷன்களும் நல்லவை. ஒரு பாடகர் பீவா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கதை சொல்வார், முடிவில் பெரும்பாலும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. குறைவாக இருப்பதாலேயே நினைவில் நிற்கின்றன.

ஹைக்கூ எழுதுகிற இடங்களும் உண்டு. ஜின் ஒரு மேட்டில் உட்கார்வான். எதிரே உள்ள காட்சியில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் ஒரு வரி, இன்னொரு பக்கம் பார்த்தால் வேறு வரி. மூன்று வரி சேர்ந்ததும் தலையில் கட்ட ஒரு துணி பரிசு. பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஹைக்கூவைப் பற்றி எழுதிய ஊர் நம்முடையது, கல்லூரி மலரில் ஹைக்கூ எழுதாதவர்கள் இங்கே யார்? 1274-இல் அந்த வடிவமே தனியாகப் பிறக்கவில்லை, அதற்குச் சில நூற்றாண்டு பாக்கி. கவசங்களும் வாளும்கூடப் பிற்காலத்தவை. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. விளையாட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும், கிடைத்தது. வரிகள்தான் சுமார்.

இதைச் செய்த சக்கர் பஞ்ச், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கம்பெனி. வெளியூர்க்காரர்கள் செய்தார்கள் என்று ஜப்பானியர்கள் முகம் சுளிக்கவில்லை. 2021-இல் சுஷிமா நகர நிர்வாகமே கேமின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. 2020 செப்டம்பர் புயலில் அந்தத் தீவின் வதாத்சுமி கோயில் தோரண வாயில் விழுந்தபோது, திரும்பக் கட்ட 50 லட்சம் யென் கேட்டார்கள். விளையாடினவர்களும் கைகொடுக்க, 2.7 கோடி யென் சேர்ந்தது. நம் கடற்கரையோரம் ஒரு தரங்கம்பாடியோ நாகப்பட்டினமோ இப்படி ஒரு கேமில் வந்தால் எப்படி இருக்கும் என்று சும்மா ஒரு ஆசை.

பழைய பிஎஸ்4-இல் எப்படி ஓடுகிறது என்றால், ஆச்சரியமாக ஓடுகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால் தண்ணீர் குடிக்க எழுவதற்குள் வந்துவிடும். பெரிய கேம்களில் லோடிங் நேரத்தில் துணி மடித்துப் பழகினவளுக்கு இது புதுசு. அக்னி நட்சத்திர சமயத்தில் மட்டும் விசிறிச் சத்தம் பக்கத்து வீட்டு மிக்சி மாதிரிக் கேட்கும், தூசி தட்டி, டிவி அலமாரிக்குள் அடைக்காமல் வெளியே எடுத்து வைத்தால் அடங்கும். கரன்ட் போனால் பயமில்லை, அடிக்கடி தானாகவே சேவ் ஆகிறது. வசனத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடையாது, ஆங்கிலம்தான். ஜப்பானியக் குரலில் வைத்தால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது, உதடு மட்டும் இந்தப் பதிப்பில் ஆங்கிலத்துக்கு அசையும். ரத்தம் தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் நரி பார்க்க மட்டும் வரட்டும்.

வாங்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் நான் சொல்கிற மாதிரி விளையாடுங்கள். பயணி உடையை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். செட்டிங்கில் எக்ஸ்பர்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் திரையில் இருக்கும் எழுத்தும் பட்டையும் பாதி மறைந்துவிடும். மேப்பில் கேள்விக்குறி இருக்கிறதே என்று ஓடாதீர்கள், புகையையும் குருவியையும் பார்த்து ஓடுங்கள். வழியில் அழுகிறவர்களில் பாதிப் பேரைக் கண்டும் காணாமல் போய்விடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். மசாகோ கூப்பிட்டால் மட்டும் எந்த வேலை இருந்தாலும் போங்கள். அடுத்த பாகமான 'கோஸ்ட் ஆஃப் யோதேய்' 2025 அக்டோபரில் பிஎஸ்5-க்கு மட்டும் வந்திருக்கிறது. 1603-ஆம் வருடக் கதை, நாயகி அத்சு என்ற பெண், காற்று அதிலும் வீசுகிறது. கொழுந்தன் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு அங்கே போவதாக இருக்கிறோம், டிஸ்கைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, மெஷினோடுதான் கேட்க வேண்டும்.